திலகவதியார் புரிந்த மனைத்தவம்

நாயன்மார் சரிதங்களை ஓதுங்கால், கல் கடலில் மிதந்ததும், முதலையுண்ட பாலன் மீண்டதும், என்பு பெண்ணுருக் கொண்டதுமாகிய அற்புதங்களிலேயே நம்மனோர் உள்ளம் பெரிதுஞ் சென்று தங்குகின்றது. அஃது இயல்பே. ஆயினும், அற்புதம் ஒன்றும் நிகழ்த்தாமல், பதிகம் ஒன்றும் அருளாமல், நாடோறும் பெருக்கியும் மெழுகியும் பூத்தொடுத்தும் தம் வாழ்நாளைப் போக்கிய பெருமாட்டியார் ஒருவர் நம் சமய வரலாற்றில் உளர். அவர் கையில் இருந்த துடைப்பம் இலதாயின் சைவவுலகிற்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் கிடைத்திருத்தல் அரிது என்று யாம் கருதுகின்றோம். அப்பெருமாட்டியார் சுவாமிகளுக்கு முன்பிறந்த தமக்கையாராகிய திலகவதியார். அவர்தம் சரிதத்தை, இல்லத்துச் சிறுபணி என்னும் ஒன்றனையே முன்னிறுத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாராய்த் திலகவதியார் தோன்றினார். சில ஆண்டு கழிந்தபின் மருணீக்கியார் பிறந்தார். அப்பர் சுவாமிகள் வாழ்ந்த காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டு என்பதும், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தை அஃது ஒட்டியதென்பதும் ஆராய்ச்சியாளர் துணிபு. சரிதத்தை விரித்துரைத்த சேக்கிழார் பெருமானோ ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பிற்பட்டு, இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தில் விளங்கியவர். அவர் திருநாவுக்கரசர் புராணத்தை 429 திருவிருத்தங்களாற் பாடினார். அவற்றுள் தமக்கையார்க்கு உரியன சிலவே. அச்சிலவும் ஒருவருடைய முழு வாழ்வையும் உணர்த்தப் போதியனவாய் உள்ளன.

மணப்பருவம் எய்திய திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர்க்குக் கொடுத்தற்குப் புகழனார் இசைந்தார். மணவினை நிகழுமுன்னரே அரசன் ஏவலால் கலிப்பகையார் பகைப்புலத்தின்மேற் செல்ல நேர்ந்தது. அவர் போர்க்களத்தில் இருக்குங்காலத்துப் புகழனார் நோயுற்று விண்ணடைந்தார். மாதினியாரும் கணவனாருடன் உயிர் நீத்தார். மக்கள் இருவரும் அத்துயரினின்றும் ஒருவாறு தேறி ஈமக்கடன் முடித்த அளவில், கலிப்பகையார் களத்தில் பட்டார் என்னுஞ் செய்தி வந்தது. தந்தையாரும் தாயாரும் தம்மை அவர்க்கே கொடுக்க நேர்ந்தமையின், தம் உயிரும் அவர்க்கே உரியதென்று துணிந்து, திலகவதியார் உயிர்விடக் கருதினார். மருணீக்கியார் அவர் திருவடியில் வீழ்ந்து, பெற்றோர் நீங்கிய பின்னும் தாம் உயிர்தாங்கியிருப்பது தமக்கையாரை வணங்கலாம் என்னும் ஒன்றனாலேயே என்றும், அவரும் கைவிடின் தாம் அவர்க்கு முன்னரே உயிர் துறப்பதாகவும் கூறி அலறினார். தம்பியார் உலகில் வாழவேண்டும் என்ற கருணை ஒன்றே அவர் உயிரைத் தடுத்து நிறுத்தியது. அன்று தொட்டு, பொன்னணி பூணாது, எவ்வுயிர்க்கும் அருள் தாங்கி, அவ்வில்லத்திலேயே தவம் புரிந்திருந்தார்.

இந்நிலையைச் சேக்கிழார் பெருமான் மனைத்தவம் என்னும் ஒரு சொல்லாற் குறிப்பர். தவம் என்றவளவிலே காடும், மலையும், காய்கிழங்கும், ஐந்தீ நடுவும் நம் நினைவிற்கு வருகின்றன. பெருமானோ மனைக்கும் தவத்திற்கும் இடையே நாம் எழுப்பியுள்ள சுவரை இவ்வொரு தொடரால் இடித்துவிட்டார். தாயும் தந்தையும் இல்லாத ஓரில்லத்தில், தானும் இளையவளாகிய ஒரு பெண், தன்னினும் இளைய தம்பியை வளர்த்தெடுக்கும் வாழ்வு எத்தகையது என்பதைப் புராணம் வகுத்துரைக்கவில்லை; உரைக்க வேண்டுவதும் இல்லை. வைகறையில் எழுந்து முற்றந் தெளித்தல், அகம் மெழுகுதல், நீர் முகந்து வைத்தல், உலை ஏற்றுதல், உண்பான் முகம் நோக்கிப் பரிமாறுதல், மாலையில் விளக்கிடுதல் என்னும் இவையே தமிழ்நாட்டு இல்லந்தோறும் அன்றும் இன்றும் நிகழ்வன. தமக்கென ஒன்றும் வேண்டாத ஒருவர், பிறரொருவர் வாழ்தற்பொருட்டு இவற்றை நாடோறும் இயற்றுவாராயின், அதனைத் தவமென்னாது வேறென்னென்பது?

இவ்வாறு வளர்க்கப்பெற்ற மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தும், சோலை வளர்த்தும், குளந் தொட்டும், விருந்தோம்பியும் வாழ்ந்தார். நாளடைவில் உலகின் நிலையாமை அவருள்ளத்தைத் தாக்கிற்று. மெய்ந்நெறி இதுவென இறைவன் அருளால் உணருங் காலம் வாராமையின், பாடலியிலிருந்த சமணப் பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களைக் கற்று, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமையும் எய்தினார். எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரே தம்மை விட்டு நீங்கியபின் திலகவதியார்க்குத் திருவாமூரில் யாதுளது? கெடிலநதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அவர் அடைந்தார். அட்டவீரட்டங்களுள் முப்புரம் எரித்த தலம் அது.

திருவதிகையில் அம்மையார் மேற்கொண்ட பணிகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். திருக்கோயிலை அலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய இவற்றுள் அவர் புதிதாகக் கற்கவேண்டுவது ஒன்றேனும் இல்லை. திருவாமூர் இல்லத்தில் எக்கை எதனைச் செய்ததோ, அக்கை அதனையே ஈண்டுஞ் செய்தது. இல்லத்தில் துடைப்பம் எனப்படுவது திருக்கோயிலில் திருவலகு எனப்பெறும். இல்லத்தில் சாணமிட்டு மெழுகுதல் ஆண்டுத் திருமெழுக்கு எனப்பெறும். பொருளும் செயலும் ஒன்றே. யாருடைய வீட்டிற்கு என்பதே வேறு. தம்பி வாழ்ந்த வீட்டைத் தூய்மை செய்தவர், தம்பியைப் படைத்தளித்தவன் வீட்டைத் தூய்மை செய்யத் தொடங்கினார்.

அப்பணிக்கிடையே அவர் வீரட்டானேசுவரரை வேண்டியது ஒன்றே. தம்மை ஆண்டுகொண்டது உண்மையாயின், தமக்குப் பின்வந்த தம்பியைப் புறநெறியினின்றும் எடுத்தருளவேண்டும் என்பது அது. இறைவன் கனவில் தோன்றி, சூலை மடுத்து ஆட்கொள்வதாக அருளினான். அங்ஙனமே தருமசேனர் வயிற்றிற் கொடுஞ்சூலை பற்றியது. மந்திரமும், குண்டிகை நீரும், மயிற்பீலியும் பயன்படாதொழிந்தன. கற்ற கல்வியும் பெற்ற தலைமையும் துணைசெய்யாத அந்நேரத்தில் அவர் நினைவிற்கு வந்தவர் தமக்கையாரே. உடனே தம் சமையற்காரனைத் திருவதிகைக்கு விடுத்தார். அவன் சென்று அம்மையாரைக் கண்டவிடம் நந்தவனத்தின் பக்கம் என்பது கருதத்தக்கது. செய்தி சென்றடைந்த வேளையிலும் அவர் தம் நாட்பணியிலேயே இருந்தார்.

சமணப் பள்ளிக்குத் தாம் வருதல் இயலாதென அம்மையார் விடுத்த மறுமொழியைக் கேட்ட மருணீக்கியார், பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்ணிற ஆடை உடுத்து, தாங்குவார் தோளைப் பற்றிக்கொண்டு, இரவினில் ஒருவரும் அறியாமல் தமக்கையார் இருந்த மடத்தை அடைந்து, அவர் திருவடியில் வீழ்ந்தார். ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். வந்தவர் பன்னூல் வல்லவர், வாதத்திற் பெயர்பெற்றவர். அவரோடு அம்மையார் வாதிட்டிலர். பிரிந்த குற்றத்தை எடுத்துக் காட்டிலர். பட்ட துயரத்தைக் கணக்கிட்டுரைத்திலர். இறைவன் கருணையை நினைந்து தொழுது, திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில், நாடோறும் செல்வது போலவே திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் கையிற் கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். பல ஆண்டு பிரிந்த தம்பி மீண்ட அப்பெரு மகிழ்ச்சி நாளிலும் அன்றாடப் பணி ஒருநாளும் தவறாதது போலவே தவறவில்லை. மகிழ்ச்சிக்கு அவர் செலுத்திய நன்றியும் அப்பணியே.

திருமுன்னர் வலங்கொண்டு வணங்கிய மருணீக்கியார் திருவாயினின்றும் முதற்றிருப்பதிகம் எழுந்தது, சூலை ஒழிந்தது, நாவுக்கரசு என்னும் திருநாமம் வழங்கலாயிற்று. இவை யாவரும் அறிந்தன. ஆயின் அன்றே அவர் தம் திருக்கையில் உழவாரப்படை ஏந்தினார் என்பதனை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. புதிதாக ஆட்கொள்ளப்பெற்ற ஒரு பேரறிஞர் சாத்திரச் சுவடியைத் தேடாமல், புல்லைச் செதுக்குங் கருவியைத் தேடியது எதனால்? அவர்முன் நடந்து சென்றவர் கையில் திருவலகு இருந்தமையால் என்க. தமக்கையார் உள்ளே பெருக்கினார். தம்பியார் வெளியே செதுக்கினார்.

இஃது எம் ஊகமாத்திரம் அன்று. சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தாண்டகமொன்றில், நிலையான பேற்றை விரும்புவாயாயின் இவற்றைச் செய்க என்று தம் நெஞ்சிற்கே அறிவுறுத்துகின்றார். பொழுது விடியுமுன்னர்க் கோயிலுட் புகுதலும், பெருக்குதலும், மெழுகுதலும், பூமாலை புனைதலும், பின்னரே துதித்தலும் ஆடுதலும் அங்கே முறையாக நிறுத்தப்பெற்றுள்ளன. இம்முறை திருவதிகையில் அம்மையார் நாடோறும் இயற்றிய முறையே அன்றோ? உழவாரம் அவர் திருக்கையை முதுமையிலும் நீங்கவில்லை. திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் இறைவன் விளங்கச் செய்தபோது, சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவாரித் தடாகத்தில் எறிந்தார். முற்றத்தைத் தூய்மை செய்வார்க்குக் கல்லும் பொன்னும் அகற்றுதற்குரிய குப்பையே. இந்நோக்கு நூலறிவால் வந்ததன்று. பெருக்கும் கைக்கு வந்தது.

இனி, சித்தாந்த நூலுணர்ச்சியுடைய அன்பர் சிலர், அலகிடுதலும் மெழுகுதலும் சரியையின்பாற் பட்டன. சரியையின் பயன் சாலோகமே. ஞானமே வீடு தருவது. ஆகவே இவற்றை இத்துணைப் பாராட்டுதல் எற்றுக்கு என வினவலாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில் தாசமார்க்கத்தை வகுக்குங்கால் இப்பணிகளையே முன்வைத்தோதினர் என்பதும், அம்மார்க்கத்திற்கு அப்பர் சுவாமிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வது நம் மரபு என்பதும் யாவரும் உடன்பட்டவை. தாயுமானவர் சரியை முதலிய நான்கினையும் அரும்பு மலர் காய் கனி என முறைப்படுத்தினர். அரும்பினை இகழ்ந்தார்க்குக் கனி யாண்டையது?

அன்றியும், இச்சிறுபணிகளின் இயல்பிலேயே ஒரு பெருநன்மை அடங்கியுள்ளது. நூல் எழுதினார்க்கு நூல் நிற்கின்றது. மடமும் மண்டபமும் கட்டினார்க்குக் கட்டடம் நிற்கின்றது. வாதில் வென்றார்க்குப் பெயர் நிற்கின்றது. நின்ற அதனைப் பற்றிக்கொண்டு, யான் செய்தேன், எனது இது என்னும் ஆணவச் செருக்குத் தலையெடுக்க இடமுண்டு. காலையிற் பெருக்கிய முற்றமோ மாலையில் மீண்டும் குப்பையாகின்றது. மெழுகிய தரை மறுநாளே மாசடைகின்றது. தொடுத்த மாலை வாடுகின்றது. சமைத்த உணவு உண்ணப்பட்டு ஒழிகின்றது. செய்தவர் கையிற் செய்ததன் அடையாளம் ஒன்றும் எஞ்சுவதில்லை. பற்றுதற்குப் பொருளின்மையின் யான் எனது என்னுஞ் செருக்கு அங்கே ஊன்றி நிற்றல் அரிது. நாளை விடிந்தால் மீண்டும் செய்வதற்கு இறைவன் ஒருநாள் தந்தான் என்னும் நன்றி ஒன்றே எஞ்சுகின்றது. ஞானசாதனம் வேண்டுவதும் செருக்கின் இவ்வொழிவேயன்றோ?

திலகவதியார் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையில் வைத்தெண்ணப்பட்ட 63 தனியடியாருள் ஒருவர் அல்லர். தம்பியார் தலயாத்திரை புறப்பட்டபின் அம்மையார் செய்தி புராணத்திலும் விரியவில்லை. எனினும், அச்சுந்தரமூர்த்தி சுவாமிகளே திருவதிகைக்கு எழுந்தருளியபோது, நாவுக்கரசர் கைத்தொண்டு செய்த தலத்தைத் தம் காலால் மிதிக்க அஞ்சி, ஊரினுட் புகாது புறத்தேயுள்ள சித்தவட மடத்திலேயே இரவு தங்கினார் என்பது வரலாறு. அவர் மிதிக்க அஞ்சிய அம்மண்ணை நாவுக்கரசர்க்கு முன்னரே நாடோறும் அலகிட்டுத் தூய்மை செய்தது எவர் கை? தொகையில் இடம்பெறாத அம்மையார்க்குத் தொகையைப் பாடியவரே செய்த வழிபாடாகவும் அதனை யாம் கருதி மகிழ்கின்றோம்.

நம் மடங்களில் நூல் ஆராய்வாரும், அவ்வாராய்ச்சி நிகழும் கூடத்தை விடியற்காலையிற் பெருக்குவாரும் உளர். நம் இல்லங்களில் பூசை புரிவாரும், அப்பூசைக்கு இடந் துடைத்து, பூவெடுத்து, அமுது ஆக்கி வைப்பாரும் உளர். முன்னவரை வணங்குகின்றோம், பின்னவர் பெயரையும் வினவுவதில்லை. சித்திரைச் சதயத்தில் அப்பர் சுவாமிகள் குருபூசையை ஆண்டுதோறும் நடாத்தும் நாம், அந்நாளிலேனும், அடுக்களையிலும் முற்றத்திலும் நின்று உழைப்பவரை நோக்கிக் கைகுவித்து ஒரு நன்றிமொழி கூறுவோமாக. பணி ஒன்றும் இயலாதார் தாமே ஒருநாள் அலகெடுத்துத் திருக்கோயிலின் ஒரு மூலையையேனும் பெருக்குவாராக. நாவுக்கரசர் பெற்ற முதற் பாடம் அதுவே. அதனைக் கற்பித்தருளிய ஆசிரியர் திலகவதியார்.

திருச்சிற்றம்பலம்.