தெருவுக்குத் தார்ச்சாலை கேட்டவர்களை வாக்காளர்களாக்கிய வில்லி வெலாஸ்குவெஸ்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் லத்தீனோ வாக்காளர்கள் யார் பக்கம் என்ற கேள்வி அந்நாட்டு ஊடகங்களை ஆக்கிரமிக்கிறது. 2024-ஆம் ஆண்டில் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்த லத்தீனோக்களின் எண்ணிக்கை 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வியைப் பெரிய கட்சிகள் எழுப்பியதே அரிது. அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், 44 வயதிலேயே மறைந்த வில்லி வெலாஸ்குவெஸ்.

வில்லியம் வெலாஸ்குவெஸ் 1944-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் பிறந்தார். தந்தை ராணுவப் பணியில் அங்கு இருந்ததால் நேர்ந்த பிறப்பிடம் அது. வளர்ந்ததெல்லாம் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், மெக்சிக வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்ந்த மேற்குப் பகுதியில்தான். மழை பெய்தால் வெள்ளம் புகும் வீடுகளும் தார் காணாத தெருக்களும் அப்பகுதியின் அடையாளங்கள். நகரின் செல்வச் செழிப்பான வடபகுதியில் இக்குறைகள் இல்லை. இந்த வேறுபாடு அவரது பிற்கால அரசியல் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

அவரது இளமைக் காலத்தில் டெக்சாஸில் வாக்களிப்பதற்கே வரி செலுத்த வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஒன்றரை டாலருக்குக் குறையாத அந்தத் தேர்தல் வரி, கூலித் தொழிலாளியின் குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. 1966-இல் நீதிமன்றம் அவ்வரியை ஒழித்த பின்னரும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பெயர் பதிவு செய்யும் முறை சில காலம் நீடித்தது. இந்தியாவில் தேர்தல் ஆணையமே வீடு வீடாகச் சென்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறது. அமெரிக்காவிலோ பதிவு செய்துகொள்ளும் பொறுப்பு குடிமகனுடையது. பதிவு செய்யாதவரின் குறை எத்தனை நியாயமானதாயினும் தேர்தல் கணக்கில் அது இடம்பெறுவதில்லை.

சான் அன்டோனியோவின் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1966-இல் பட்டம் பெற்ற வெலாஸ்குவெஸ், மேற்படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அதே ஆண்டு கோடையில் மெக்சிகோ எல்லையையொட்டிய ஸ்டார் கவுண்டியில் முலாம்பழத் தோட்டத் தொழிலாளர்கள் மணிக்கு 1.25 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். படிப்பை நிறுத்திவிட்டு அவர்களுக்காகப் பணியாற்றச் சென்றார் அவர். தலைநகர் ஆஸ்டின் நோக்கித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 490 மைல் நடந்தனர். மாநில ஆளுநர் ஜான் கானலி வழியிலேயே அவர்களைச் சந்தித்து, கோரிக்கையை ஏற்க இயலாது என்று கூறித் திரும்பிவிட்டார். வாக்கு வலிமையற்றவர்களின் ஊர்வலம் ஆளுநரை அசைக்கவில்லை.

1967-இல் ஹோசே ஆங்கெல் குட்டியெரெஸ், மரியோ காம்பியன் உள்ளிட்ட நால்வருடன் சேர்ந்து மெக்சிக அமெரிக்க இளைஞர் அமைப்பை அவர் தொடங்கினார். அமைப்பு விரைவில் வளர்ந்தது. நண்பர்களுக்கிடையே பிளவும் விரைவிலேயே தோன்றியது. தோழர்கள் சிலரின் கடும் பேச்சு சான் அன்டோனியோவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி கொன்சாலஸின் கண்டனத்துக்கு உள்ளாகி, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி நின்றது. வெலாஸ்குவெஸுக்கும் அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. எனினும் பிளவின் வேர் வேறிடத்தில் இருந்தது. 1970-இல் குட்டியெரெஸ் ‘லா ராசா உனிதா’ என்ற தனிக்கட்சியைத் தொடங்கினார். மாநிலம் முழுவதிலும் சிறுபான்மையாக உள்ள ஒரு சமூகம் தனிக்கட்சியால் ஆட்சியைப் பிடிக்க இயலாது என்பதும், இரு பெரிய கட்சிகளும் தேடி வரும் அளவுக்கு வாக்காளர் எண்ணிக்கையைப் பெருக்குவதே வழி என்பதும் வெலாஸ்குவெஸின் நிலைப்பாடு.

தனிக்கட்சியின் முயற்சி வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1972 ஆளுநர் தேர்தலில் அக்கட்சியின் ரம்சி முனிஸ் 6 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். அதன் விளைவாக, டெக்சாஸை நெடுங்காலம் தன் கோட்டையாக வைத்திருந்த ஜனநாயகக் கட்சியின் டால்ஃப் பிரிஸ்கோ பாதிக்கும் குறைவான வாக்குகளுடனேயே வெற்றி பெற்றார். கேள்வி கேட்காமல் கிடைத்துவந்த வாக்குகள் கைநழுவக் கூடும் என்று அக்கட்சிக்கு உணர்த்தியது அந்தத் தேர்தல்தான். ஆயினும் பத்தாண்டுக்குள் தனிக்கட்சி மங்கிவிட்டது.

1974-இல் தென்மேற்கு வாக்காளர் பதிவு மற்றும் கல்வித் திட்டம் சான் அன்டோனியோவில் உருவாயிற்று. அறக்கட்டளைகளின் நிதியைப் பெற வேண்டுமாயின் இத்தகைய அமைப்பு ஐந்து மாநிலங்களுக்குக் குறையாமல் இயங்க வேண்டும், எக்கட்சிக்கும் சார்பாகச் செயல்படக் கூடாது என 1969-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் விதித்திருந்தது. அச்சட்டத்துக்கு உட்பட்டு வரிவிலக்கு பெறுவதற்கே நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. உங்கள் வாக்கே உங்கள் குரல் என்று பொருள்படும் ஸ்பானிய முழக்கத்துடன் அமைப்பு களமிறங்கியது.

அதன் செயல்முறை எளிமையானது. அதிபர் தேர்தலைக் காட்டி மக்களை அழைத்தபோது வராதவர்கள், தம் தெருவின் சாலை, வடிகால், பிள்ளைகளின் பள்ளி ஆகியவை நகர மன்றத்தாலும் பள்ளி வாரியத்தாலும் கவுண்டி நிர்வாகத்தாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்று காட்டியபோது வந்தனர். ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க் குழுக்களை ஒன்றிணைத்து, முதலில் குறைகளைக் கேட்டறிந்து, பின்னரே பதிவுப் படிவம் நீட்டப்பட்டது. இனப் பெருமிதத்தைக் காட்டிலும் சாக்கடை வசதி அதிக வாக்காளர்களைக் கொண்டுவந்தது என்பது அன்றைய இளம் செயற்பாட்டாளர்கள் பலருக்கு உவப்பான செய்தியன்று.

பதிவு மட்டும் போதவில்லை. பல நகரங்களில் ஒவ்வொரு மன்ற இடத்துக்கும் முழு நகரமுமே வாக்களிக்கும் முறை இருந்தது. பெரும்பான்மையினரே எல்லா இடங்களையும் வென்றனர். கவுண்டிகளில் மெக்சிக வம்சாவளியினரின் குடியிருப்புகள் துண்டாடப்பட்டு வெவ்வேறு தொகுதிகளில் சேர்க்கப்பட்டிருந்தன. இவற்றை எதிர்த்து வெலாஸ்குவெஸின் அமைப்பு எண்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தது. 1975-இல் வாக்குரிமைச் சட்டம் மொழிச் சிறுபான்மையினருக்கும் விரிவாக்கப்பட்டு, டெக்சாஸில் ஸ்பானிய மொழியிலும் வாக்குச்சீட்டு வழங்குவது கட்டாயமாயிற்று. 1977-இல் சான் அன்டோனியோ தனித்தனித் தொகுதி முறைக்கு மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹென்றி சிஸ்னெரோஸ் அந்நகரின் மேயரானார்.

1980-களில் ஆய்வுக்கென ஒரு கிளை நிறுவனத்தையும் வெலாஸ்குவெஸ் அமைத்தார். லத்தீனோக்கள் எதை விரும்புகின்றனர் என்பதைப் பிறர் ஊகித்துக்கொண்டிருந்த நிலையில், அந்நிறுவனம் வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்தது. ரொனால்ட் ரீகனின் பிரசாரக் குழுவும் அப்போது லத்தீனோக்களை நாடத் தொடங்கியிருந்தது. ஒரு கட்சி மட்டுமின்றி இரு கட்சிகளும் இவ்வாக்குகளுக்குப் போட்டியிடுவதை வெலாஸ்குவெஸ் தம் கணக்கு பலிப்பதன் அறிகுறியாகவே கருத முடிந்தது.

1988-ஆம் ஆண்டு அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு ஐந்து மாதங்கள் இருந்த நிலையில், மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டு அவர் மறைந்தார். அதற்குள் 200 ஊர்களில் ஆயிரத்துக்கும் அதிகமான பதிவு இயக்கங்களை அவரது அமைப்பு நடத்தியிருந்தது. 1974-இல் ஏறத்தாழ 24 லட்சமாக இருந்த பதிவுபெற்ற லத்தீனோ வாக்காளர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்காகியிருந்தது. 1995-இல் அதிபர் பில் கிளிண்டன், நாட்டின் மிக உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கினார்.

அவர் படிப்பைத் துறந்து சென்ற ஸ்டார் கவுண்டியில் இன்றும் மக்கள்தொகையின் பெரும்பகுதி மெக்சிக வம்சாவளியினரே. 2016-இல் அங்கு ஹிலாரி கிளிண்டன் 79 சதவீத வாக்குகளைப் பெற்றார். 2020-இல் ஜோ பைடனுக்குக் கிடைத்தது 52 சதவீதம். விலைவாசியும் வேலைவாய்ப்பும் முன்னிலை பெற்ற 2024 தேர்தலில், நூறாண்டுக்கும் மேலான வரலாற்றில் முதன்முறையாக அக்கவுண்டி குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது.