கொடி காத்த குமரன்

அசோக் நகரில் வாழும் நாம், சிங்கங்களைத் தாங்கி நிற்கும் அசோகத் தூணை நாள்தோறும் கடந்து செல்கிறோம். மாமன்னர் அசோகர் சாரநாத்தில் நிறுவிய தூணின் சக்கரமே நம் தேசியக் கொடியின் நடுவில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அக்கொடியை நாங்கள் உள்ளபடியே உற்றுப் பார்த்தது, சென்ற ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்குச் சுற்றுலா சென்றபோதுதான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று அதிகாலையில் அக்கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடி அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட அக்கொடி, 2013ஆம் ஆண்டு குடியரசு நாளன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வெளிச்சமும் ஈரமும் பழைய பட்டை நைந்துபோகச் செய்துவிடும் என்பதால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கிறார்கள். ஒரு துணிக்கு இத்தனை காவலா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். உடன் வந்த அருட்சகோதரி அதற்கு விடை கூறவில்லை; திருப்பூர் குமரனின் வரலாற்றைப் படித்து வருமாறு பணித்தார்கள். அவ்வாறு நாங்கள் படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

குமரன் 1904 அக்டோபர் 4 அன்று, இன்றைய ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த சென்னிமலையில் பிறந்தார். தந்தை நாச்சிமுத்து, தாய் கருப்பாயி. பெற்றோர் இட்ட பெயர் குமாரசாமி. நெசவே குடும்பத் தொழில். வறுமையோ வீட்டோடு இருந்தது. ஆகவே தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் அமர்ந்தார். பத்தொன்பதாம் வயதில் இராமாயி என்னும் பெண்ணை மணந்தார். நெசவில் வந்த வருவாய் போதாமையால் திருப்பூர் சென்று பஞ்சு ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

காந்தியடிகளின் கொள்கைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கதர் உடுத்தினார், தேசபந்து வாலிபர் சங்கத்தில் இளைஞர்களோடு சேர்ந்து தொண்டாற்றினார். வீட்டாருக்குக் கவலைதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை வேலையைப் பார்க்காமல் ஊர்வலம் போனால் அடுப்பு எரியுமா? அந்தக் கவலையில் நியாயம் இல்லை என்று நாம் கூறிவிட முடியாது.

1932 ஜனவரி 4 அன்று காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். காங்கிரஸ் இயக்கம் சட்டவிரோதமானது என அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். ஜனவரி 10 அன்று திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு தொண்டர் அணி தடையை மீறிப் புறப்பட்டது. குமரனின் கையில் கொடி இருந்தது. அந்நாளைய காங்கிரஸ் கொடியில் சக்கரம் இல்லை, இராட்டையே இருந்தது. நெசவாளியின் கையில் இராட்டைக் கொடி! இதனினும் பொருத்தம் வேறு உண்டோ?

காவலர்கள் தடியால் தாக்கினர். குமரனின் தலையில் பலத்த அடி விழுந்து மண்டை பிளந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. நினைவிழந்து வீழ்ந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள், ஜனவரி 11 அன்று, மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழுதான்.

அதே மாதம் 26ஆம் நாள், பாஷ்யம் என்னும் ஆர்யா, நாங்கள் சென்ற அதே கோட்டையின் கொடிமரத்தில் ஏறி நம் கொடியைப் பறக்கவிட்டார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழித்தே, எவரும் தடுக்க இயலாதபடி, பட்டுக்கொடி அங்கே ஏறியது.

கொடியைக் கீழே போட்டிருந்தால் குமரன் பிழைத்திருக்கலாமே, இளம் வயதில் இராமாயி அம்மையார் கணவரை இழந்திருக்க மாட்டாரே என்று எங்களுக்கும் தோன்றியது. பல நாள் இதைப் பற்றிப் பேசினோம். நூலின் விலையும் நெய்பவரின் கூலியும் அறிந்தவர் குமரன். துணி வெறும் துணிதான் என்பது அவருக்குத் தெரியாததன்று. அடிக்குப் பயந்து கையை விட்டால், பயமே நம்மை ஆளும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாங்கள் எண்ணுகிறோம். அவர் காத்தது துணியை அன்று, நம் மானத்தை. அதற்கு இராமாயி அம்மையாரும் விலை கொடுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

திருப்பூரில் குமரனுக்கு நினைவகம் உண்டு. அவருடைய நூற்றாண்டான 2004இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் நாம் செய்வது என்ன? சுதந்திர தினத்தன்று சட்டையில் குத்திக்கொண்ட காகிதக் கொடிகள் மறுநாள் தெருவில் மிதிபடுகின்றன. நாங்களும் அவ்வாறு எறிந்தவர்களே. இவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று எங்கள் வகுப்பினர் காலையிலேயே வந்து, மைதானத்தில் கிடந்த கொடிகளைப் பொறுக்கி, மண் துடைத்து, ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தோம். சிறு செயல்தான். எனினும் ஒரு துணிக்கு இத்தனை காவலா என்று கேட்ட தோழியே அப்பெட்டியை முதலில் கையில் வாங்கிக்கொண்டாள். கொடியைக் காக்க உயிரையே கொடுத்தவரின் நாட்டில் பிறந்த நாம், குனிந்து எடுக்கவேனும் கற்போமாக!