வண்டிப் பட்டறையில் ஒரு கணக்காய்வாளர்: எஸ். அனந்தராமகிருஷ்ணன்

வன்னியிலே வளர்ந்த நமக்கு மாட்டுவண்டில் அயலான பொருளன்று. 1936ஆம் ஆண்டிலே கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியபோது, காடு வெட்டிக் கழனி திருத்திய குடும்பங்களுக்கு எருதும் வண்டிலுமே பெருந்துணை. பின்னர் உழவு இயந்திரம் வந்தது. வண்டில் மெல்ல ஒதுங்கியது. வண்டில் செய்த தச்சரும், சில்லுக்கு இரும்புப் பட்டை இட்ட கொல்லரும் தொழில் குன்றினர். காலம் மாறினால் பட்டறை அழியத்தான் வேண்டுமோ? இவ்வினாவுக்கு விடைபோல வாழ்ந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆவார்.

அன்னார் 1905ஆம் ஆண்டிலே, திருநெல்வேலிச் சீமையில், நம்மாழ்வார் திருப்பதியாகிய ஆழ்வார்திருநகரியிற் பிறந்தார். கணக்காய்வுத் துறையிற் பயின்று, 1935ஆம் ஆண்டில் சென்னைச் சிம்சன் நிறுவனத்திற் சேர்ந்தார்.

அந்நிறுவனம் 1840ஆம் ஆண்டிலே குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. 1903ஆம் ஆண்டில் அங்கு உருவான நீராவி மோட்டார் வண்டி, இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மோட்டார் வண்டியெனப் போற்றப்படுகின்றது. குதிரை வண்டியின் காலம் கழிந்தபின், மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டுவது அதன் தொழிலாயிற்று.

1945ஆம் ஆண்டிலே, ஐரோப்பியர் கையிலிருந்த அந்நிறுவனத்துக்கு அனந்தராமகிருஷ்ணனார் தலைவரானார். கூடு இங்கு கட்டப்பட்டது. அதனை இயக்கும் எஞ்சினோ கப்பலேறி வந்தது. இக்குறையை நீக்குதல் அவர்தம் வாழ்நாட் பணியாயிற்று. 1949ஆம் ஆண்டில் இந்தியா பிஸ்டன்ஸ் எழுந்தது. அடுத்த பத்தாண்டில் சிம்சன் பட்டறையிலே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் உருவாயின. 1960ஆம் ஆண்டில், மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு, டாபே எனச் சுருங்க அழைக்கப்பெறும் உழவு இயந்திர நிறுவனம் பிறந்தது. இவ்வாறு, வண்டி கட்டிய பட்டறையின் வழியிலேயே, வண்டிக்கு ஓய்வளித்த இயந்திரமும் வந்தது. அறுபது அகவை நிரம்புமுன்னரே, 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அன்னார் மறைந்தார்.

அவர் உளி பிடித்தவரல்லர், கணக்கேடு பிடித்தவர். எனினும், பட்டறையின் செல்வம் அது செய்யும் வண்டியன்று, செய்யத் தெரிந்த கைகளே என்பதை அவர்தம் பணி காட்டுகின்றது. நம் ஊர்த் தச்சருக்குக் கைத்திறன் குறைவன்று. முதலும் கணக்கும் அறிந்த துணைவரே வாய்த்திலர். கற்ற நம்மவரோ எழுதுவினைஞர் பதவியை நாடிக் கொழும்புக்கு வண்டி ஏறினோம். இக்குற்றம் தச்சருடையதன்று, நம்முடையதே.

2009ஆம் ஆண்டில் முடிந்த போரின்பின் வன்னி மக்கள் வெறுங்கையோடு தம் ஊர்க்கு மீண்டனர். அவர்தம் பட்டறைகள் தழைக்க வேண்டுமாயின், கல்லூரி தந்த கணக்கறிவைக் கைத்திறனோடு இணைப்பவர் வேண்டும். பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்குச் செலுத்தும் விழாக் காணிக்கை அதுவாகுக.