வரி எதிர்ப்பு போராக மாறியது எப்படி? யார் இந்த விருப்பாச்சி கோபால் நாயக்கர்?

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி கொடைக்கானலுக்கு பஸ் ஏறுகிற பலருக்கு அந்த ஊர் மலைக்குப் போகும் வழி, அவ்வளவுதான். ஆனா ஸ்டேஷன் இருக்கிற அம்மையநாயக்கனூர் ஒரு காலத்தில் தனி பாளையம். திண்டுக்கல் சீமையில் அப்படி 20-க்கும் மேற்பட்ட பாளையங்கள் இருந்தன. ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனி மலை அடிவாரத்தில் இருக்கிற விருப்பாச்சியும் அதில் ஒன்று. இன்னைக்கு மலைவாழைக்குப் பேர்போன ஊர்.

அந்த விருப்பாச்சியின் பாளையக்காரர்தான் கோபால் நாயக்கர். கட்டபொம்மன், மருது சகோதரர்கள் அளவுக்கு இவர் பெயர் பரவலாகத் தெரியாது. ஆனா கம்பெனிக்கு எதிரான 1800-01 போரை ஒருங்கிணைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலு நாச்சியாருக்கு அடைக்கலம்

1772-ல் காளையார்கோவிலில் நடந்த தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடும் மருது சகோதரர்களோடும் தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி. அப்போது திண்டுக்கல் மைசூரின் ஹைதர் அலி வசம் இருந்தது.

ராணியைப் பாதுகாப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆற்காடு நவாப், கம்பெனி இருவரின் கோபத்துக்கும் ஆளாக வேண்டும். ஆனாலும் சுமார் 8 ஆண்டுகள் அடைக்கலம் கிடைத்தது. ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அந்த நாட்களில் உருவான விருப்பாச்சி - சிவகங்கை உறவுதான் பின்னாளில் போர்க் கூட்டணிக்கு அடித்தளம்.

அமெரிக்காவில் தோற்றவர், திண்டுக்கல்லைப் பிடித்தார்

1773-ல் அமெரிக்காவின் போஸ்டன் துறைமுகத்தில் வரி எதிர்ப்பாளர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை யாருடையது தெரியுமா? இதே கிழக்கிந்திய கம்பெனியுடையது. அங்கே வரி எதிர்ப்பு 1775-ல் போராக வெடித்தது. 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது.

அதே கார்ன்வாலிஸ் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்பு சுல்தானோடு போர் நடத்தி, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை மூலம் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு வாங்கினார். அமெரிக்காவில் வெடித்த வரிப் பிரச்னை இங்கேயும் தலைதூக்கியது.

என்ன பிரச்னை?

பாளையக்காரர் வரி வசூலிப்பார், படை வைத்திருப்பார், கிராமங்களுக்குக் காவல் கொடுப்பார். அதற்குக் காவல் பணம் கிடைக்கும். மேலே இருக்கும் அரசுக்குக் கப்பம் கட்டுவார். பல தலைமுறையாக இருந்த ஏற்பாடு இது.

கம்பெனி இதைக் கலைத்தது. கிஸ்தி உயர்ந்தது. காவல் உரிமையில் கை வைத்தது. கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டன. பாக்கி வைத்த பாளையங்கள் பறிமுதலாகின. பாளையக்காரருக்கு இது வெறும் பண இழப்பு இல்லை, அதிகாரமே பறிபோகிற நிலை. வரிச் சுமை கடைசியில் குடியானவர் தலையில்தான் விழுந்தது.

கூட்டணி உருவானது

1799 மே மாதம் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். ஒவ்வொருவராகத் தனித்தனியே மோதினால் ஒவ்வொருவராகவே அழிக்கப்படுவார்கள் என்பது இந்த இரண்டு சம்பவங்களில் தெளிவாகிவிட்டது.

கோபால் நாயக்கர் எடுத்த வழி கூட்டணி. திண்டுக்கல் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தார். சிவகங்கையில் மருது சகோதரர்கள், கொங்குப் பகுதித் தலைவர்கள், கன்னடப் பகுதியில் தூந்தாஜி வாக் என்று தொடர்பு விரிந்தது. திப்புவின் படையில் இருந்த முஸ்லிம் வீரர்களும் சேர்ந்தார்கள். வரி பாக்கியில் தொடங்கிய சண்டை, கம்பெனியையே வெளியேற்றும் போராக மாறிய இடம் இதுதான்.

கோவை கோட்டைத் திட்டம்

முதல் பெரிய இலக்கு கோயம்புத்தூர் கோட்டை. 1800 ஜூன் தொடக்கத்தில், மொஹரம் சமயத்தில் தாக்குவது திட்டம். ஆனா விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பரில் தூந்தாஜியும் போரில் கொல்லப்பட்டார்.

1801-ல் கம்பெனிப் படை விருப்பாச்சி மீது திரும்பியது. பாளையம் விழுந்தது. காட்டுக்குள் தப்பிய கோபால் நாயக்கர் தேடிப் பிடிக்கப்பட்டு, அதே ஆண்டு திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அந்த இடம் இன்றைய கோபாலசமுத்திரம் குளக்கரை என்று உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள்.

அதன் பிறகு?

1801 ஜூன் 16-ல் மருது பாண்டியரின் பிரகடனம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து ஆங்கிலேயரை விரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்கும் நவம்பரில் அதே கதி. 1802-ல் 70-க்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

ஏன் தோற்றார்கள்?

அமெரிக்கர்களுக்கு பிரான்ஸின் கடற்படை உதவி கிடைத்தது. இங்கே அப்படி ஒரு துணை இல்லை. புதுக்கோட்டை தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றார்கள். சிவகங்கையில் கம்பெனி தனக்கு வேண்டிய ஒருவரைப் பட்டத்துக்குக் கொண்டு வந்து மருது சகோதரர்களின் ஆதரவைப் பிளந்தது. கோபால் நாயக்கர் கட்டிய ஒற்றுமையை உடைத்த பிறகுதான் கம்பெனியால் ஜெயிக்க முடிந்தது.

வேலூர் புரட்சி 1806-ல், சிப்பாய் புரட்சி 1857-ல். விருப்பாச்சி போர் இரண்டுக்கும் முந்தையது. வரலாற்றாசிரியர் கே.ராஜய்யன் இதையே முதல் விடுதலைப் போர் என்று எழுதினார். விருப்பாச்சியில் இப்போது கோபால் நாயக்கருக்கு அரசு மணிமண்டபம் இருக்கிறது. திண்டுக்கல் - பழனி ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.