அன்வர் பாஷாவும் ஓர் இரகசிய உடன்படிக்கையும்

நம் ஊர்களில் அன்வர் பாஷா என்னும் பெயர் தாங்கியோர் பலர். அப்பெயரை உலகறியச் செய்த துருக்கியத் தளபதியின் வாழ்விலோ வீரமும் வழுவும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கின்றன.

1881இல் இஸ்தான்பூலில் பிறந்த அன்வர், படைக் கல்லூரியில் பயின்று மாசிடோனியாவில் பணியாற்றினார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது முடக்கி வைத்திருந்த அரசியல் சட்டத்தை மீட்க, 1908இல் மலைகளுக்குச் சென்று கிளர்ச்சிக்கொடி உயர்த்திய இளம் அதிகாரிகளுள் அவரும் ஒருவர். சட்டம் மீண்டது, மக்கள் அவரைத் தலைமேற்கொண்டு கொண்டாடினர். பின்னர்ப் பெர்லின் தூதரகத்தில் பணியாற்றியபோது ஜெர்மானியப் படையின் ஒழுங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. லிபியாவில் இத்தாலியரை எதிர்த்துப் பொருதார். 1913 ஜனவரியில் தலைமை அமைச்சகத்துள் ஆட்களுடன் புகுந்து அரசைக் கவிழ்த்தார். போர் அமைச்சர் நாஜிம் பாஷா அங்கேயே சுடப்பட்டு மாண்டார். மறு ஆண்டு, 32 வயதில், அப்பதவி அன்வருக்கே வாய்த்தது.

1914 ஆகஸ்டு 2ஆம் நாள் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. அன்றே பாஸ்பரஸ் கரையில், தலைமை அமைச்சர் சயீத் ஹலீம் பாஷாவின் மாளிகையில், ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இதனை அறிந்த அமைச்சர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. நிதியமைச்சர் ஜாவித் பேயும் அறியார்! மக்கள் பணத்தில் கட்டப்பெற்ற இரு போர்க்கப்பல்களைப் பிரிட்டன் பறித்துக்கொண்ட சினம் நாட்டில் மூண்டிருந்தது உண்மையே. எனினும் உடன்படிக்கைப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஆகஸ்டு 10இல் இரு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்தன. அவை விலைக்கு வாங்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்தனர். ஆயினும் தலைவன் அதே ஜெர்மானியத் தளபதி சூஷோன்தான். அக்டோபரில் பெர்லினிலிருந்து 20 இலட்சம் லிரா பெறுமதியான பொன் வந்து சேர்ந்தது. அமைச்சரவைக்கு அறிவிக்காமலே, ரஷ்யக் கப்பற்படையைத் தாக்குமாறு சூஷோனுக்கு அன்வர் ஆணை விடுத்தார். அக்டோபர் 29இல் ஒடெஸாவும் செவஸ்தபோலும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஜாவித் உள்ளிட்ட நான்கு அமைச்சர்கள் பதவி துறந்தனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நான்கு சுவருக்குள் முடிவுற்ற அவ்விணக்கத்தின் விலையைக் கொடுத்தவர் வேறு யாரோ. அன்வர் நேரில் நடத்திய சாரிகாமிஷ் போரில் பல்லாயிரம் படைவீரர் பனியில் உறைந்து மடிந்தனர். 1915இல் ஆர்மீனியர் குடிபெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் அழிந்த பெருங்கொடுமையில் அவருக்கும் பொறுப்புண்டு. இதனை மறைத்து அவர் வரலாறு எழுதுதல் முறையன்று.

1918இல் தோல்வி உறுதியானதும் ஜெர்மானியக் கப்பலேறித் தப்பினார். மறு ஆண்டு இஸ்தான்பூல் படை நீதிமன்றம், அவர் இல்லாமலே வழக்காய்ந்து மரண தண்டனை விதித்தது. போரில் நாட்டை இழுத்துவிட்டதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

1922 ஆகஸ்டு 4இல், இன்றைய தஜிகிஸ்தானில், செம்படையுடன் பொருது வீழ்ந்தார். 1996இல் அவரது உடலெச்சம் இஸ்தான்பூலுக்குக் கொணரப்பட்டு, 1909இல் அரசியல் சட்டத்தைக் காக்க உயிர் நீத்த வீரர்களின் நினைவுச்சின்னம் நிற்கும் குன்றிலே அடக்கம் செய்யப்பட்டது.