கிதார் வாசிக்கத் தெரியாதவர்

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்சாரக் கிதாரை உலகுக்கு அளித்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது!

1909-இல் கலிபோர்னியாவில் பிறந்தார். சிறுவயதிலேயே இடக்கண்ணை இழந்தார். கணக்கர் வேலை போகவே, 1938-இல் புல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். பிறகு கிதார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் செய்தார்.

அவர் நாடியது தெளிந்த ஒலி. வாசிப்பவர்களோ குமிழை முழுக்கத் திருகினார்கள். வால்வு தன் எல்லையைத் தாண்ட இயலாமல் அலையின் முகடுகளை மழுக்கியது, ஒலி கரகரத்தது. (நம் ஆய்வுக்கூடத்தில் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள்.) அந்தக் கரகரப்பே ரசிகர்களை மயக்கியது! இன்று அதற்கென்றே, காலால் அழுத்தும் ‘ஓவர்டிரைவ்’ பெட்டிகளைச் சிறு பட்டறைக்காரர்கள் கையால் செய்து விற்கிறார்கள்.

1965-இல் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பார்க்கின்சன் நோய் வாட்டியபோதும் பட்டறையை விடவில்லை. 1991 மார்ச் 21-இல் மறைந்தார்.