தொரப்பள்ளியில் பிறந்த கதை தாத்தா



ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் தொரப்பள்ளி போய்த் திரும்பிவிடலாம். ராஜாஜி பிறந்த வீடு அங்கே அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. அவரை அரசியல் தலைவராக உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது அரக்கன், யட்சன், பேசும் பறவை என்று மாயக்கதை சொன்ன ராஜாஜியைப் பற்றி.

1878 டிசம்பர் 10-ல் கிராம முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டம். நம் பிள்ளைகள் இன்று அத்திப்பள்ளி தாண்டிப் படிக்கப் போகிறார்களே, அதே வழிதான். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நாற்பது வயதாகும் முன்பே மனைவி அலமேலு மங்கம்மாளை இழந்தார். ஐந்து பிள்ளைகள் இருந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிறகு காந்தி, சிறை, பதவிகள். 1948-ல் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான்.

1952-ல் சென்னை மாநில முதல்வரானார். அடுத்த ஆண்டு ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. 1954 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார். வயது 75.

அடுத்த மாதமே 'கல்கி' வாரப் பத்திரிகையில் ராமாயணத்தை எழுதத் தொடங்கினார். 1955 நவம்பர் வரை தொடர்ந்தது. அதுதான் 'சக்கரவர்த்தித் திருமகன்'. 1958-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. மகாபாரதத்தை அதற்கு முன்பே 'வியாசர் விருந்து' என்று எழுதியிருந்தார். பள்ளிப் பிள்ளையும் படிக்கக்கூடிய எளிய தமிழ். தாம் மக்களுக்குச் செய்த சேவைகளில் இந்த இரண்டு நூல்களே சிறந்தவை என்பது அவர் எண்ணம்.

கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஏன் அப்படி நினைத்தார்? யவக்கிரீதன் கதையைப் பாருங்கள். குருவிடம் படிக்காமலே வேதமெல்லாம் தெரிய வேண்டும் என்று தவம் செய்கிறான். இந்திரன் கிழவன் வேடத்தில் கங்கைக் கரைக்கு வந்து, கைப்பிடி கைப்பிடியாக மண்ணை ஆற்றில் போடுகிறான். அணை கட்டுகிறானாம்! யவக்கிரீதன் சிரிக்கிறான். தானும் அதைத்தான் செய்கிறோம் என்று கிழவன் சொன்ன பிறகே அவனுக்குத் தெரிகிறது. குழந்தை கிழவனைப் பார்த்துச் சிரிக்கும். பெரியவர்களுக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

நச்சுப்பொய்கைக் கதை இன்னும் ஆழம். தம்பிகள் நால்வரும் செத்துக் கிடக்கிறார்கள். யட்சன் ஒருவனை மட்டும் எழுப்பித் தருவதாகச் சொல்ல, தருமர் கேட்பது நகுலனை. குந்திக்குத் தான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை மிஞ்ச வேண்டும் என்பது அவர் கணக்கு.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். இறந்தவர் கணக்கில் உள்ள பணத்துக்காக, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகம் பார்க்காமல் கவுண்டரில் நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தருமரின் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. பி.காம். படித்தவனுக்கு மாயக்கதை எதற்கு என்று இருந்துவிட்டேன். என் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அந்த நேரம் இனி திரும்பாது.

சென்ற மாதம் பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பீமனை எழுப்பினால்தானே சண்டையில் ஜெயிக்கலாம் என்று கேட்டான். யட்சன் கேட்டதும் அதேதான்! பதிலை உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவனே வந்து, மாத்ரி அம்மா பாவம் தாத்தா என்றான்.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் தமது 94-ஆம் வயதில் காலமானார். அவர் வகித்த பதவிகள் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றன. கதைகள் வீட்டில் இருக்க வேண்டியவை. நம் குடியிருப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து வந்த களைப்பு இருந்தாலும், இன்றிரவு உங்கள் வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லுங்கள். அர்த்தத்தை மட்டும் நீங்கள் விளக்க வேண்டாம். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.